தாத்தாவின் சிற்றலை இதழ்த் தொகுப்பில் இரண்டு இடைவெளிகள்

கேள்வி: ரோஸ்ஹில் பேரன்

அனைவருக்கும் வணக்கம். மொரிஷியஸில் ரோஸ் ஹில்லிலுள்ள எங்கள் பழைய வீட்டை ஒழித்தபோது, தாத்தாவின் தகரப் பெட்டியில் 'ஷார்ட் வேவ் மேகசின்' என்னும் லண்டன் மாத இதழின் பைண்டு செய்த தொகுதிகள் கிடைத்தன. தாத்தா தந்தி அலுவலக எழுத்தர். ஒலிபரப்பும் உரிமம் அவரிடம் இருந்ததில்லை. ஆனால் இரவுதோறும் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து, கேட்ட நிலையங்களின் அடையாளப் பெயர்களான அழைப்புக்குறிகளையெல்லாம் இதழின் ஓரங்களில் பென்சிலால் எழுதி வைப்பார்.

இரண்டாம் தொகுதியிலிருந்து இருபத்திரண்டாம் தொகுதி வரை இருக்கின்றன. மூன்றாம் தொகுதி 1939இல் தொடங்குகிறது. நான்காம் தொகுதியைத் திறந்தால் 1946 என்று இருக்கிறது. இடையில் வந்த இதழ்கள் தொலைந்துவிட்டனவா? பதினேழாம் தொகுதி அடியோடு இல்லை. மற்றொன்றும் கேட்க வேண்டும். பதினைந்தாம் தொகுதியில் ஓர் ஆகஸ்ட் இதழின் ஓரத்தில் '20.005' என்ற எண்ணும், அக்டோபர் மாதத்துத் தேதிகளும், அவற்றின் எதிரே சின்னஞ்சிறு கோடுகளும் இருக்கின்றன. வழக்கமாக அவர் எழுதும் அழைப்புக்குறி எதுவும் அங்கே இல்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாயிருப்பேன்.

மறுமொழி 1: தர்பன் கேட்பவர்

வணக்கம் தம்பி. முதல் இடைவெளியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உங்கள் வீட்டில் எதுவும் தொலையவில்லை. அந்த இதழ் 1937 மார்ச்சில் தொடங்கியது; ஆகையால் ஒவ்வொரு தொகுதியும் மார்ச்சில் தொடங்கிப் பிப்ரவரியில் முடியும். 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் பிரிட்டனில் பொழுதுபோக்காக வானொலியில் ஒலிபரப்பும் அமெச்சூர்களின் உரிமங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. ஒலிபரப்பும் கருவிகளை அஞ்சல் துறை கைப்பற்றிக்கொண்டது. இதழும் நின்றுபோயிற்று. 1946இல் உரிமங்கள் மீண்டும் வழங்கப்பட்டபோது, மார்ச்சில் அது நான்காம் தொகுதியின் முதல் இதழாக வெளிவந்தது. விட்ட இடத்திலிருந்தே எண்ணைத் தொடர்ந்தார்கள். அதனால்தான் எண்ணில் இடைவெளி இல்லை, ஆண்டில் மட்டும் இருக்கிறது.

இதழ் வாய்மூடிக் கிடந்த அந்த ஆண்டுகளில் அதன் வாசகர்களுள் பலர் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒலிபரப்பத் தடை இருந்தாலும் கேட்கத் தெரிந்த காதுகள் அரசுக்குத் தேவைப்பட்டன. பிரிட்டனில் அமெச்சூர்கள் பலர் தத்தம் வீடுகளிலிருந்தே ஜெர்மானிய உளவுத் துறையின் மோர்ஸ் செய்திகளைக் கேட்டு எழுதி, பார்னெட் என்னும் ஊரின் ஒரு தபால் பெட்டி எண்ணுக்கு இரகசியமாக அனுப்பி வந்தார்கள். அவற்றுள் பல, பிரிட்டனின் சங்கேத மொழியை உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்குக்குச் சென்றன. மங்கலான சைகையைப் பிரித்தறியும் பயிற்சியை அவர்களுக்குத் தந்தது இந்தப் பொழுதுபோக்குதான்.

பென்சில் குறிப்பைப் படித்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. பதினைந்தாம் தொகுதி 1957 மார்ச்சில் தொடங்குவது. அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாள் ஏவப்பட்ட முதல் செயற்கைக்கோளான சோவியத் ஸ்புட்னிக் 20.005, 40.002 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைவெண்களில் ஒலித்தது. அன்றைய வழக்கில் மெகாசைக்கிள் என்பார்கள். மூன்று வாரங்களில் மின்கலம் தீர்ந்து ஒலி நின்றுவிட்டது. அந்தச் சிறு கோடுகள் உங்கள் தாத்தா கேட்ட 'பீப்' ஒலிகளாகவே இருக்க வேண்டும். இதழ் கப்பலில் வந்து சேர வாரங்கள் ஆகும். எனவே அக்டோபரில் அவர் கையில் ஆகஸ்ட் இதழ் இருந்திருந்தால் அதில் வியப்பில்லை. தேதிகளைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

மறுமொழி 2: குவாத்ர்போர்ன் ஆசிரியர்

பெரியவர் சொன்ன கணக்கையே நானும் போட்டுப் பார்த்தேன். பதினேழாம் தொகுதி 1959 மார்ச் முதல் 1960 பிப்ரவரி வரை வந்த இதழ்கள். அவ்வாண்டில் இதழ் நிற்கவில்லை. ஆகவே காரணத்தை லண்டனில் தேடாமல் நம் தீவில் தேடுங்கள். 1960 பிப்ரவரி இறுதியில் அடித்த கரோல் புயலை இங்கே வயதானவர்கள் யாரும் மறக்கவில்லை. மரவீடுகளும் தகரக் கூரைகளும் ஆயிரக்கணக்கில் போயின. அதன் பிறகுதான் தீவெங்கும் கான்கிரீட் வீடுகள் பெருகின. ஆண்டு முடிந்த பிறகே இதழ்களை பைண்டுக்குக் கொடுப்பது வழக்கமாதலால், பழைய தொகுதிகள் பெட்டிக்குள்ளும் அவ்வாண்டின் தனி இதழ்கள் வெளியிலும் இருந்திருக்கும்.

ஒரு வேண்டுகோள். பதினைந்து, பதினாறாம் தொகுதிகளின் ஓரங்களை முதலில் படமெடுங்கள். 1957, 58இல் சூரியப் புள்ளிகள் இதுவரை பதிவானவற்றிலேயே உச்சத்தைத் தொட்டன. வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் மேல்வளிமண்டல அடுக்கான அயனி மண்டலம் வலுத்து, உயர்ந்த அலைவெண்களிலும் நெடுந்தூரச் சைகைகள் தெளிவாகக் கேட்ட காலம் அது. மொரிஷியஸின் அழைப்புக்குறிகள் அன்று 'விக்யூ8' என்று தொடங்கின. இன்றைய '3பி8' விடுதலைக்குப் பின் வந்தது.

மறுமொழி 3: மோக்கா வானொலி

இதழின் பிற்கால வரலாற்றையும் சேர்த்துவிடுகிறேன். 1980களில் அது வேறு பதிப்பகத்தின் கைக்கு மாறி, ஒலிபரப்புவோரை விடக் கேட்போருக்கே உரிய இதழாயிற்று, 2005இல் நின்றது. அமெரிக்காவில் 1960இல் தொடங்கிய '73' என்ற இதழும் 2003இல் முடிந்தது. 1915இல் தொடங்கிய, அமெரிக்க அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் இதழான 'க்யூஎஸ்டி'யோ, முதல் உலகப் போரில் சிறிது காலம் நின்றது தவிர, இன்றளவும் வருகிறது. சங்க உறுப்பினர்களின் சந்தாவில் வாழ்ந்தது நிலைத்தது என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவரின் பதில்

மிக்க நன்றி. தேதிகளைப் பார்த்தேன்: முதல் குறிப்பு 7, கடைசிக் குறிப்பு 23. புயலைப் பற்றி அத்தையிடம் கேட்டேன். கூரைத் தகடு பறக்கத் தொடங்கியதும் தாத்தா மெத்தையை இழுத்து வானொலிப் பெட்டியின் மேல் போட்டாராம். மேசையிலிருந்த இதழ்களை எடுக்க நேரமில்லையாம். மறுநாள் முற்றத்துச் சேற்றில் தாள்களைப் பொறுக்கியது அத்தைக்கு நினைவிருக்கிறது. பதினேழாம் தொகுதி யாரிடமாவது இருந்தால், 1960 பிப்ரவரி இதழின் நகல் மட்டுமாவது கிடைக்குமா?