தோப்புக்கும் பண்ணைக்கும் நெட் இழுத்தவங்க வாங்க: வயரா, வயர்லெஸ்ஸா?

பொள்ளாச்சி தோப்புக்காரர்:
வீட்டு மாடியில் நெட்டைக் காற்றிலேயே அனுப்பும் ரேடியோ ஒன்று, மோட்டார் ரூமில் ஒன்று, நடுவில் 300 மீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. சித்திரையில் மாட்டியபோது கேமரா பளிச்சென்று ஓடியது. பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக் காற்று கிளம்பியதும் போச்சு. மாட்டிவிட்ட தம்பி வந்து போனில் சிக்னல் எண்ணைக் காட்டினார். தென்னை மட்டை ஒன்று குறுக்கே ஆட ஆட, மைனஸ் 58, மைனஸ் 81, மறுபடி 58. மைனஸுக்குப் பின் எண் பெரிதானால் சிக்னல் மட்டம் என்று அர்த்தமாம். மழையில் மட்டை நனைந்துவிட்டால் 58 பக்கமே வருவதில்லை.

திருப்பூர் நிட்டிங்:
கம்பியும் ஏமாற்றுமுங்க. எங்கள் யூனிட் கேட் கேமரா பகலில் ஒழுங்காக ஓடும், இருட்டினால் அணைந்து அணைந்து வரும். முனி நடமாட்டம் என்றே வாட்ச்மேன் முடிவு கட்டிவிட்டார். நெட் கேபிளிலேயே கரண்ட்டும் போகிற கேமரா அது. ராத்திரி இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்தால் கூடுதலாக இழுக்கும். எலக்ட்ரீஷியன் அண்ணன் பிளேடால் கம்பியைச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு! மின்தடை அதிகம், கடைசி முனைக்குப் போவதற்குள் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. கேபிள் பெட்டியில் மட்டும் கொட்டை எழுத்தில் 'Cat 6' என்று செம்புக் கேபிளின் தரப் பெயர்.

அன்னூர்க்காரன்:
பொள்ளாச்சி அண்ணா, மரத்தின் மேல் பழி போடாதீங்க. எங்கள் கோழிப்பண்ணைக்கும் ரேடியோதான். காக்கா கூடு கட்டியதைத் தவிர ஒரு தொந்தரவும் இல்லை. எதிர் முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. உங்கள் தூரத்துக்கு, நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி 2 மீட்டராவது வெட்டவெளி வேண்டும். மட்டை வளராமலா இருக்கும்? கம்பத்தை மரத்துக்கு மேலே ஏற்றுங்க. இல்லையென்றால் வரப்போரம் இன்னொரு கம்பம் நட்டு, இரண்டு தாவலாகக் கொண்டுபோங்க. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் இலை தழையை ஓரளவு தாண்டும், ஆனால் ஊர் வைஃபை பாதி அதில்தான் கிடக்கிறது. ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 மூன்றே. செம்புக் கேபிள் நினைப்பே வேண்டாம், 100 மீட்டரோடு அதன் கணக்கு முடிந்தது. திருப்பூர்க்காரரே, அடுத்த முறை வாங்கும்முன் கடையிலேயே சுரண்டிப் பாருங்க. நெட் கேபிளை மோட்டார் கரண்ட் லைனோடு சேர்த்துக் கட்டாதீங்க.

உடுமலை அக்கா:
எங்களுக்கு ஃபைபர், கண்ணாடி இழைக்குள் வெளிச்சமாக நெட் வரும் கேபிள். ஒருநாள் மோடத்தில் சிவப்பு விளக்கு. லைனுக்கு வந்த பையன் ஒரு முனையில் சிவப்பு லேசர் பேனாவைச் செருகிவிட்டு, "வாசல் லைட்டை அணைங்கக்கா" என்றான். கொய்யா மரத்துக் கிளையோரம், கறுப்புக் கேபிளின் நடுவே குங்குமப் பொட்டு மாதிரி ஒரு வெளிச்சம். அணில் கடித்த இடம்! முடி மாதிரி இழை, அதை மெஷினில் வைத்து உருக்கி ஒட்டிவிட்டுப் போனான்.

பொள்ளாச்சி தோப்புக்காரர்:
அன்னூர்த் தம்பி, அறுபதடி மரத்துக்கு மேல் கம்பமா? நீங்களே வந்து ஏறுங்க சாமி. அக்கா, அணிலுக்கு என்ன செய்தீங்க?

உடுமலை அக்கா:
சொட்டுநீர் பைப்புக்குத் தோண்டிய குழியிலேயே இன்னொரு பைப் பதித்து உள்ளே விட்டுவிட்டோம். கண்ணாடி இழையில் இடி மின்னல் ஏறாது, ஆனால் கூடவே வரும் இரும்புக் கம்பியில் ஏறும். அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டச் சொல்லுங்க.