எங்க வீட்டுக் குழு: 70ஐத் தாண்டினா ரெட்டைக் காசு

[மாலை 6:42] தேன்மொழி: ஒன்பதாம் வகுப்புக்குப் புள்ளியியல் திங்கக்கிழமை ஆரம்பிக்குது. சராசரி, இடைநிலை அளவு, முகடு மூணையும் ஒரே தரவுல காட்டணும். எஸ்எம்எஸ் செலவை எடுக்கலாமா பெரியப்பா?

[மாலை 6:49] பெரியப்பா: எடுக்கலாம். ஆனா "ஒரு மெசேஜ் 1 ரூபா, பேக் 30 ரூபா, எது லாபம்"ங்கிற பழைய கணக்கு வேண்டாம். இப்ப பல ரீசார்ஜ்ல நாளைக்கு 100 எஸ்எம்எஸ் சேர்ந்தே வருது. 28 நாளுக்கு 2800. வீட்ல 30 அனுப்பினா பெரிசு. ரீசார்ஜ் தொகையை அந்த 30ஆல வகுத்து "ஒரு எஸ்எம்எஸ் விலை"ன்னு எழுதினா அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. காசு போனது டேட்டாவுக்கும் பேச்சுக்கும்.

[மாலை 6:55] செந்தில்: பள்ளிக்கூடம் பெற்றோருக்கு அனுப்புற எஸ்எம்எஸ்சை எடு தேனு. அதுக்கு இன்னும் எண்ணித்தான் காசு. அதுவும் மெசேஜ் கணக்கு இல்ல, பார்ட் கணக்கு, அதாவது துண்டுக் கணக்கு. தமிழ்ல 70 வரைக்கும் 1 பார்ட். 71 ஆச்சுன்னா 2 பார்ட், காசும் ரெண்டு மடங்கு.

[மாலை 6:56] தேன்மொழி: ஆங்கிலத்துக்கு 160தானே அண்ணா?

[மாலை 7:01] செந்தில்: ஆமா. ஒரு எஸ்எம்எஸ்ல இடம் 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட், 1120 ÷ 7 = 160. தமிழ் எழுதுற யூனிகோடு குறியீட்டுக்கு 16 பிட், 1120 ÷ 16 = 70. நீளமா போனா துண்டுகளைச் சேர்த்துக் காட்ட ஒவ்வொரு துண்டுலயும் 6 பைட் தலைப்புக்குப் போயிடும். மிச்சம் 134 பைட். அதனால பல பார்ட்னா தமிழ்ல ஒரு பார்ட்டுக்கு 67தான், ஆங்கிலத்துல 153. 70 வரை 1, 71லேருந்து 134 வரை 2, 135லேருந்து 201 வரை 3.

[மாலை 7:04] கோமதி சித்தி: 70 எழுத்துன்னா நிறையதானே செந்திலு. எங்க பள்ளி அறிவிப்பெல்லாம் அதுக்குள்ள அடங்கிடுமே.

[மாலை 7:08] செந்தில்: நீங்க எண்ணுற எழுத்து வேற, போன் எண்ணுறது வேற சித்தி. "நாளை பள்ளி விடுமுறை" எண்ணிப் பாருங்க.

[மாலை 7:10] கோமதி சித்தி: நா, ளை, ப, ள், ளி, வி, டு, மு, றை. ஒன்பது. இடைவெளி ரெண்டு. 11.

[மாலை 7:12] செந்தில்: போனுக்கு 19. "நா"ன்னா ந ஒண்ணு, கால் ஒண்ணு. "ள்"ன்னா ள ஒண்ணு, புள்ளி ஒண்ணு. "ஸ்ரீ" மட்டுமே 4. அகரம் ஏறின மெய்யும் தனி உயிரும்தான் ஒண்ணுக்கு ஒண்ணு.

[மாலை 7:13] கோமதி சித்தி: உயிர்மெய் ஒரே எழுத்துடா. இலக்கணத்துக்கு விரோதமா காசு வாங்குறானுங்க.

[மாலை 7:15] பெரியப்பா: தேனு, இதையே முதல் பீரியட் ஆக்கிடு. அளவிடுறதுக்கு முன்னாடி "எதை ஒண்ணுன்னு எண்ணுறோம்"னு முடிவு பண்ணணும். பாதி பிள்ளைங்க 11ன்னும் பாதி 19ன்னும் எழுதினா அப்புறம் சராசரி போட்டு என்ன பிரயோசனம்? போன் எண்ணுறதை "அலகு"ன்னு சொல்லு, எழுத்துன்னு சொல்லாத. சித்தி சண்டைக்கு வருவா.

[மாலை 7:31] பெரியப்பா: தரவு இப்படி வச்சுக்கோ. பத்து அறிவிப்பு, அலகுல: 19, 42, 55, 61, 66, 68, 71, 74, 90, 134. கூட்டுத்தொகை 680, சராசரி 68. நடுவுல இருக்கிற 66, 68 ரெண்டோட சராசரி, அதாவது இடைநிலை அளவு, 67. இப்ப கேளு: "சராசரி 68, அது 70க்குள்ள இருக்கு. அப்ப பத்துக்கும் பத்து பார்ட் போதுமா?" வகுப்புல முக்கால்வாசி பேர் தலையாட்டும்.

[மாலை 7:34] தேன்மொழி: ஆறு மெசேஜ் 1 பார்ட், நாலு மெசேஜ் 2 பார்ட். 6 + 8 = 14!

[மாலை 7:37] பெரியப்பா: அதேதான். பார்ட் 20 காசுன்னு வச்சா 2 ரூபா எதிர்பார்த்த இடத்துல 2.80. நாற்பது சதவீதம் கூட. விலை படிக்கட்டு மாதிரி ஏறுது, நீளம் சரிவு மாதிரி ஏறுது. முதல்ல ஒவ்வொண்ணையும் பார்ட்டா மாத்தணும், அப்புறம்தான் சராசரி எடுக்கணும். வரிசையை மாத்தினா விடையும் மாறும். முகடும் அப்படித்தான்: நீளத்துக்கு முகடே கிடையாது, எல்லாம் ஒரு தடவைதான் வருது. பார்ட்டுக்கு முகடு 1.

[மாலை 7:40] தேன்மொழி: கம்ப்யூட்டர் லேப்ல போடச் சொல்லலாமா? எக்செல்ல நீளம் எண்ணுற லென் ஃபங்ஷன் அலகைச் சரியா எண்ணுமா?

[மாலை 7:46] செந்தில்: தமிழுக்குச் சரியா எண்ணும். பார்ட் போடுற இடத்துலதான் மாட்டுவாங்க. 67ஆல வகுத்து சாதாரண ரவுண்ட் போட்டா 71 ÷ 67 = 1.06, அது 1ன்னு வந்துடும். தப்பு. எப்பவும் மேல்நோக்கி, ரவுண்ட்அப். ஆனா எல்லாத்துக்கும் ரவுண்ட்அப் போட்டா 68ம் 2 ஆகிடும், மொத்தம் 15 காட்டும். 68, 69, 70 மூணும் கண்ணி. முதல்ல "70க்குள்ளயா? அப்ப 1"ன்னு இஃப் போட்டு, இல்லேன்னா மட்டும் 67ஆல வகுக்கணும்.

[மாலை 7:48] செந்தில்: இன்னொண்ணு. "ொ", "ோ" ரெண்டையும் கவனி. சரியா அடிச்சா அது ஒரே அலகு. பழைய ஃபான்ட்லேருந்து கன்வர்ட் பண்ணின சில தமிழ்ல கொம்பும் காலும் தனித்தனியா உட்கார்ந்திருக்கும், அப்ப 2. திரையில பார்த்தா வித்தியாசமே தெரியாது. ஒரே மெசேஜுக்கு ரெண்டு பிள்ளைங்க வேற வேற விடை சொன்னா அதட்டாத, இதுவா இருக்கும்.

[இரவு 8:05] கோமதி சித்தி: பெற்றோர் கூட்டத்துக்கு இப்படி ஒண்ணு வச்சிருக்கோம். எவ்வளவு வருது பாரு:
பெற்றோர் கூட்டம் வரும் வெள்ளி மாலை 4 மணிக்கு. கண்டிப்பாக கலந்துகொள்ளவும்!!

[இரவு 8:09] செந்தில்: 74. நாலு அலகுக்காக ரெண்டு பார்ட். 640 பெற்றோருக்குப் போனா 1280 பார்ட், 20 காசுக்கு 256 ரூபா, 18% ஜிஎஸ்டி சேர்த்து 302.08. ஒரு பார்ட்ல அடக்கினா சரிபாதி, 151.04.

[இரவு 8:11] தேன்மொழி: ஹைய்யா, இதை அப்படியே எடுத்துக்கிறேன் சித்தி 😀

[இரவு 8:13] செந்தில்: அந்த ஸ்மைலியையும் பாடத்துல வை. ஆங்கிலத்துல 150 எழுத்து மெசேஜ், 1 பார்ட். கடைசியில ஒரு ஸ்மைலி சேர்த்தா மொத்த மெசேஜும் யூனிகோடுக்கு மாறும், ஸ்மைலிக்கு 2 அலகு, ஆக 152. 67ஆல வகுத்தா 3 பார்ட். ₹ குறி போட்டாலும் இதே கதி, அது 7 பிட் பட்டியல்ல இல்ல. வேர்டுலேருந்து ஒட்டுற வளைஞ்ச மேற்கோள் குறியும் அப்படித்தான்.

[இரவு 8:20] பெரியப்பா: தொகுத்த தரவுக்குப் போகும்போது பிரிவு இடைவெளியைப் பார்த்து வை. 0-20, 20-40ன்னு வழக்கம்போலப் போட்டா 60-80 பிரிவுல அஞ்சு மெசேஜ் விழும்: 61, 66, 68, 71, 74. அதுல மூணு ஒத்தைக் காசு, ரெண்டு ரெட்டைக் காசு. பட்டியல்ல அது மறைஞ்சே போயிடும். அதைக் காட்டிட்டு, அப்புறம் 70லயும் 134லயும் வெட்டி இன்னொரு பட்டியல் போடச் சொல்லு. பிரிவு அகலம் சமமா இருக்காது, அதனால செவ்வகப் படம் வரையும்போது உயரம் நிகழ்வெண் (அந்தப் பிரிவுல எத்தனை மெசேஜ்) இல்ல, நிகழ்வெண்ணை அகலத்தால வகுத்தது. இது ஒன்பதாவதுக்குக் கொஞ்சம் அதிகம்தான், நல்லா வர்ற பிள்ளைங்களுக்கு மட்டும் கொடு.

[இரவு 8:24] பெரியப்பா: பத்தாவதுக்கும் இதே பத்து எண் ஆகும். விலக்க வர்க்கங்களின் கூடுதல் 8184, பத்தால வகுத்தா 818.4, திட்ட விலக்கம் 28.6. அதைச் சராசரியால வகுத்தா மாறுபாட்டுக் கெழு 42%. பார்ட்டுக்குத் திட்ட விலக்கம் 0.49, கெழு 35%. எக்செல்ல சரிபார்க்கும்போது 30.2 வருதேன்னு ஒருத்தன் கேப்பான். அது கூறுக்கான (சாம்பிள்) ஃபங்ஷன், 10க்குப் பதிலா 9ஆல வகுக்குது. முழுத்தொகுதிக்கான ஃபங்ஷன்னா, பேருக்குப் பின்னாடி புள்ளி வச்சு பி இருக்கும், அதை எடுக்கச் சொல்லு.

[இரவு 8:31] செந்தில்: குவிவு நிகழ்வெண்ணுக்கு, அதாவது "இந்த அளவு வரைக்கும் மொத்தம் எத்தனை"ங்கிறதுக்கு, வருகை மெசேஜ் எடுத்துக்கோ: "உங்கள் பிள்ளை ___ இன்று பள்ளிக்கு வரவில்லை. தலைமை ஆசிரியர்". கோடிட்ட இடம் தவிர 55 அலகு. பேருக்கு மிச்சம் 15. கவின் 5, முத்துலட்சுமி 13, கிருஷ்ணமூர்த்தி சரியா 15. முன்னால "மா. "ன்னு இனிஷியல் போட்டா 19, மொத்தம் 74, ரெண்டு பார்ட்.

[இரவு 8:33] தேன்மொழி: சூப்பர். வகுப்புல 42 பேரும் அவங்கவங்க பேரை எண்ணட்டும். 15க்குள்ள எத்தனை பேர்னு குவிவு நிகழ்வெண் வளைவுல 15கிட்ட நேரா மேல போய்ப் படிக்கலாம். இனிஷியலோட ஒரு வளைவு, இல்லாம ஒரு வளைவு.

[இரவு 8:36] செந்தில்: "அப்ப தலைமை ஆசிரியரை எடுத்துட்டா?"ன்னு கேப்பாங்க. 15 அலகு மிஞ்சும்தான். ஆனா இந்த வாசக மாதிரி (டெம்ப்ளேட்) டிஎல்டில, அதாவது மொத்தமா அனுப்புற எஸ்எம்எஸ்சுக்கு டெலிகாம் கம்பெனிங்க வச்சிருக்கிற பதிவேட்டுல, பதிவு பண்ணினது. பதிவுல இருக்கிறதும் அனுப்புறதும் ஒத்துப்போகலன்னா மெசேஜ் போகாது. வாசகத்தை மாத்தினா புதுசா ஒப்புதல் வாங்கணும். அதனால பதியுறதுக்கு முன்னாடியே எண்ணணும்.

[இரவு 8:42] பெரியப்பா: தரவு சேகரிக்கிறதுல ஒரு எச்சரிக்கை. வீட்டு போன் இன்பாக்ஸைத் திறந்து எழுதிட்டு வரச் சொல்லாத. வங்கி மெசேஜ், ஓடிபி எல்லாம் அதுலதான் இருக்கும். அலுவலகத்துல இந்த வருஷ அறிவிப்புப் பட்டியலைக் கேட்டு, மாணவர் பேரை அடிச்சிட்டுக் கொடு. இன்பாக்ஸ்னா இன்னொரு கோளாறும் உண்டு: தேவையில்லாததை வீட்ல அழிச்சிருப்பாங்க, மிஞ்சினது மொத்தத்தைக் காட்டாது.

[இரவு 8:44] கோமதி சித்தி: அந்த 160ஐ யாரு முடிவு பண்ணினாங்க? நம்மகிட்ட யாரும் கேக்கலையே.

[இரவு 8:50] பெரியப்பா: அதுவும் புள்ளியியல்தான் கோமதி. 1985ல ஜெர்மனியில, பான் நகரத்துல, ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்டுங்கிறவர் தோணின வாக்கியங்களைத் தட்டச்சு பண்ணி எழுத்தை எண்ணிப் பார்த்தார். அநேகமா எல்லாம் 160க்குள்ள அடங்கிச்சு. அஞ்சலட்டை, டெலக்ஸ் (தந்தி மாதிரி தட்டச்சுல அனுப்புறது) செய்திகளோட நீளமும் அதுக்கு ஒத்துவந்துது. 1992 டிசம்பர் 3ல முதல் எஸ்எம்எஸ் போச்சு. கூறு எடுத்தது ஐரோப்பிய எழுத்துல. உங்க உயிர்மெய் அந்தக் கூறுலயே இல்ல.

[இரவு 8:52] தேன்மொழி: பெரியப்பா, இதை "கூறு யாரைப் பிரதிநிதிக்குது"ங்கிற கேள்வியா கடைசி பீரியட்ல வைக்கிறேன்.

[இரவு 9:07] கோமதி சித்தி: செந்திலு, இப்ப பாரு:
பெற்றோர் கூட்டம் வரும் வெள்ளி மாலை 4 மணிக்கு. தவறாமல் கலந்துகொள்ளவும்.

[இரவு 9:09] செந்தில்: கச்சிதமா 70 சித்தி! ஒரு ஆச்சரியக்குறி சேர்ந்தாலும் போச்சு.

[இரவு 9:12] பெரியப்பா: தேனு, பத்துல அந்த 74ஐ 70ன்னு மாத்தி மறுபடி போடச் சொல்லு. சராசரி 68லேருந்து 67.6. அசைஞ்சதே தெரியாது. பார்ட் 14லேருந்து 13.

[இரவு 9:13] கோமதி சித்தி: ஒற்று மிகும் இடத்துல "கண்டிப்பாகக்"னு போட்டிருக்கணும். அப்ப இன்னும் ரெண்டு அலகு கூடியிருக்கும், நல்லவேளை மாத்தினேன்.