ஆர் ஆர் எச் வருகிற மருத்துவச் சொற்கள்: மனப்பாடம் தவிர வேறு வழி உண்டா?

போளூர்ப் பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி. நர்சிங் முதல் வருஷம். பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். அனாட்டமி, ஃபிசியாலஜி எல்லாம் ராத்திரி உக்காந்து தமிழ்ல ஒரு தடவை எழுதிப் பாத்தா புரிஞ்சிடுது. ஸ்பெல்லிங்தான் வர மாட்டேங்குது.

போன வாரம் இன்டர்னல் பேப்பர் திருப்பிக் குடுத்தாங்க. ஹெமரேஜ்னு (ரத்தப்போக்கு) நாலு இடத்துல எழுதியிருந்தேன், நாலும் நாலு விதம். ஒண்ணுல ஒரு ஆர், இன்னொண்ணுல ரெண்டு ஆர், நடுவுல எச் மட்டும் எங்கயுமே இல்ல. நாலுக்கும் சிவப்பு மையில வட்டம். பிரசவத்துக்கு அப்புறம் வர்ற ரத்தப்போக்க வார்டுல எல்லாரும் பிபிஎச்னு சுருக்கி எழுதிடறாங்க. பரீட்சையில போஸ்ட்பார்ட்டம் ஹெமரேஜ்னு முழுசா எழுதணுமே.

டயரியா, அரித்மியா, டிஸ்மெனோரியா, சிரோசிஸ், எல்லாத்துலயும் இதே ஆர் ஆர் எச். வாயால சொன்னா ஒரே ஒரு ர தான் கேக்குது. எதுக்கு ரெண்டு ஆர்? அந்த எச் எதுக்கு? யாராவது புரியவச்சா ரொம்ப உதவியா இருக்கும்.

வார்டு சிஸ்டர்

எழுத எழுதத்தான்மா வரும். தினமும் பத்து சொல்லு, ஒவ்வொண்ணும் அஞ்சு தடவை. கேஸ் ஷீட் எழுத ஆரம்பிச்சா கை தானா பழகிடும். பயப்படாத.

பழைய டைப்பிஸ்ட்

சிஸ்டர் சொல்வது சரி, கை பழகவேண்டும். ஆனால் காரணம் தெரிந்துகொண்டு பழகினால் மறக்கவே மறக்காது, தங்கச்சி.

நான் பி.ஏ. தமிழ் இலக்கியம். படிப்பு முடிந்ததும் சென்னையில் பதினோரு வருஷம் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை. காதில் ஹெட்ஃபோன், காலுக்கடியில் பெடல். டாக்டர் பேசப் பேச நிறுத்திக் கேட்டு டைப் செய்யவேண்டும். புரியாத சொல்லுக்கு பிளாங்க் விடுவோம். முதல் மூன்று மாதம் என் ஃபைல்களில் பிளாங்க்தான் அதிகம். ஒரு நாள் ரைனோரியா என்று ஒரு சொல். அகராதியில் தேடிப் பிடித்தேன். அன்றைக்கு அவிழ்ந்தது இந்த முடிச்சு.

நோட்டை எடு, நான் சொல்லச் சொல்ல எழுது. ஆர், எச், ஐ, என், ஓ. இங்கே ஒரு கோடு போடு. ஆர், ஆர், எச், ஓ, இ, ஏ. மொத்தம் 11 எழுத்து. கோட்டுக்கு முன்னால் ரைனோ, அதாவது மூக்கு. பின்னால் ரியா, ஒழுகுதல். மூக்கொழுகல், அவ்வளவுதான் பொருள். இப்போது எழுதினதைப் பார். சொல்லின் தொடக்கத்தில் ஒரு ஆர், ஒரு எச். நடுவில் ரெண்டு ஆர், ஒரு எச்.

இவை கிரேக்கச் சொற்கள். தமிழில் ரகரம் மொழிக்கு முதலில் வராது, அதனால்தான் இராமன், அரங்கன் என்று ஒரு உயிரை முன்னால் வைத்தோம். பழைய கிரேக்கத்தில் ர முதலில் வரும், ஆனால் கூடவே ஒரு மூச்சும் வரும். அந்த மூச்சைத்தான் லத்தீனில் எச் போட்டுக் காட்டினார்கள். ரித்தம், ரூமாட்டிசம், ரைனோசெரஸ் எல்லாவற்றிலும் ஆருக்குப் பக்கத்தில் நிற்கும் எச் அதுதான்.

அந்த ர-வுக்கு முன்னால், உயிரெழுத்தில் முடிகிற ஒரு சொல் வந்து ஒட்டினால் ர இரட்டிக்கும். இது உனக்குப் புதிதே இல்லை. பூ + கூடை = பூக்கூடை. நடுவில் வந்த க் எங்கிருந்து வந்தது என்று நீ மலைத்ததுண்டா? ரைனோ + ரியா சேரும்போது முளைக்கிற ஆரும் அப்படிப்பட்டதுதான். புணர்ச்சி என்று பத்தாம் வகுப்பில் படித்தாயே, அதே வேலை.

முன்னால் இருப்பது மெய்யெழுத்தானால்? கண் + பார்வை = கண்பார்வை. ஒன்றும் மிகவில்லை. அங்கேயும் அப்படியே. அரித்மியாவில் முன்னொட்டு வெறும் ஏ, உயிர், அதனால் ரெண்டு ஆர். அரித்மியா என்பது இதயத் துடிப்புக் கோளாறு; அதையே டிஸ்ரித்மியா என்றும் எழுதுவார்கள். டிஸ் எஸ்ஸில் முடிகிறது, ஆகவே ஒரே ஆர். இந்த ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது.

இனி பொருள். ரியா என்று முடிந்தால் ஒழுகல், பாய்தல். டயா என்றால் ஊடாக, டயரியா ஊடாகப் பாய்வது. நம் வயிற்றுப்போக்கில் இருக்கும் போக்கும் அதுதானே. பயோரியா பல் ஈறில் சீழ், செபோரியா தோலில் எண்ணெய், கேலக்டோரியா பால். மென் என்றால் மாதம்; அமெனோரியா மாதப்போக்கு இல்லாமை, டிஸ்மெனோரியா வலியோடு வருவது. மாதவிடாய் என்று நாம் மாதத்தை வைத்தோம், அவர்களும் மாதத்தைத்தான் வைத்தார்கள்.

உன் ஹெமரேஜ் வேறு வேர். அது உடைத்துக்கொண்டு பாய்வது. எச், ஏ, இ, எம், ஓ, கோடு, ஆர், ஆர், எச், ஏ, ஜி, இ. முன்பாதி ரத்தம், பின்பாதி உடைதல். மெனரேஜியாவும் இந்த வகை, மாதவிடாயில் அளவுமீறிப் போவது.

அமெரிக்க டாக்டர்களுக்கு டைப் செய்யும்போது ஹெமரேஜில் முன்னால் உள்ள ஏ போய்விடும், டயரியாவில் ஓ போய்விடும். ஆர் ஆர் எச் மட்டும் எந்த நாட்டிலும் அசையாது.

தியேட்டர் நர்ஸ்

அண்ணா எழுதினத ரெண்டு தடவை படிச்சேன். இன்னொரு வகை விட்டுட்டீங்க: ரஃபி. தையல்னு அர்த்தம். இதுலயும் ஆர் ஆர் எச் உண்டு.

எங்க ஆபரேஷன் தியேட்டர் லிஸ்ட்ல குடலிறக்கத்துக்கு மூணு பேர் வரும். ஹெர்னியாட்டமின்னா அந்தப் பையை மட்டும் எடுக்கறது, பெரும்பாலும் குழந்தைங்களுக்கு. ஹெர்னியோரஃபின்னா நம்ம திசுவையே இழுத்துத் தைக்கறது. ஹெர்னியோபிளாஸ்டின்னா மெஷ், அதாவது வலை வெச்சு அடைக்கறது. லிஸ்ட்ட பாத்துதான் டிராலி அடுக்குவேன். பிளாஸ்டின்னு இருந்தா மெஷ் எடுத்து வெக்கணும். பின்பாதிய சரியா படிக்கலன்னா டாக்டர் கைய நீட்டும்போது நாம ஓடணும். அதனால பின்பாதிய முதல்ல பாரு, தங்கம்.

போளூர்ப் பொண்ணு

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. பூக்கூடைன்னு படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. தமிழ் மீடியம்ங்கறதாலதான் எனக்கு வரலன்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன்.

ரெண்டு சந்தேகம். சிரோசிஸ்ல எது எதோட சேருது? வெட்டிப் பாத்தா ஒண்ணும் வரல. அப்புறம் காது மூக்கு தொண்டை ஓ.பி. வாசல்ல ஓட்டோரைனோலாரிங்காலஜின்னு நீளமா போர்டு. ஓட்டோ ஓ-ல முடியுது, ஆனா அடுத்து ஒரே ஆர்தான் இருக்கு. போர்டு எழுதுனவங்க தப்பா?

பழைய டைப்பிஸ்ட்

போர்டு சரிதான். 19 எழுத்து: ஓட்டோ காது, ரைனோ மூக்கு, லாரிங் குரல்வளை. இப்படி அண்மைக் காலத்தில் கோத்துச் செய்த சொற்களில் பழைய புணர்ச்சி விதியை விட்டுவிடுவதும் உண்டு. பயோரித்தமுக்கும் ஒரே ஆர்தான்.

சிரோசிஸ் சேர்க்கையே இல்லை, நீ வெட்டிப் பார்த்து வராததுதான் சரி. கிர்ரோஸ் என்ற ஒரே கிரேக்கச் சொல், பழுப்பு கலந்த மஞ்சள் நிறம். அதிலேயே இரட்டை ர இருந்தது. ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக், நோயுற்ற கல்லீரலின் நிறத்தைப் பார்த்து 1819-ல் இந்தப் பெயரை வைத்தார்.

விலங்கியல் வாத்தியார்

மூக்கு என்றதும் நானும் ஒன்று சேர்க்கிறேன். குரங்குகளைப் பிளாட்டிரைன், கேட்டரைன் என்று பிரிப்போம். ரெண்டிலும் ஆர் ஆர் எச் வரும். பிளாட்டி தட்டை: தென்னமெரிக்கக் குரங்குகள், மூக்குத்துளை அகன்று பக்கவாட்டில் பார்க்கும். கேட்டா கீழே: துளைகள் நெருங்கிக் கீழ்நோக்கி இருக்கும். நம் கோயில் குரங்கும் நாமும் கேட்டரைன்தான். சளியைக் குறிக்கும் கேட்டார் என்ற சொல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் பின்பாதி மூக்கு அல்ல, ஒழுகல்.

போளூர்ப் பொண்ணு

இன்னிக்கு ஹாஸ்டல்ல விளக்கு அணைக்கறதுக்குள்ள இருபத்திரெண்டு சொல்லு கோடு போட்டு எழுதிட்டேன். ஹெமரேஜ் பாக்காம எழுதினேன், சரியா வந்துச்சு. சீனியர் அக்கா பேத்தாலஜி நோட்டுல கேரியோரெக்ஸிஸ்னு ஒண்ணு இருந்துச்சு. யாரும் சொல்லித்தரல, நானே பிரிச்சேன். கேரியோ செல்லோட உட்கரு. ஓ-ல முடியுது, அதனால ரெண்டு ஆர். ரெக்ஸிஸ் உடையறது. சரியா அண்ணா?

பழைய டைப்பிஸ்ட்

சரி. உன் ஹெமரேஜில் இருக்கும் ரேஜும் இந்த ரெக்ஸிசும் ஒரே வேர்.