ஆக்டிவா 110: கியர் ஆயில் எவ்வளவு, எது?

மணிமுத்தாறு: வண்டி 24,000 கி.மீ. ஓடியாச்சு. பின்சக்கரம் பக்கத்துல இருக்கிற கியர் ஆயிலை இதுவரைக்கும் மாத்தலை. கடையில 80டபிள்யூ-90 குடுக்கறாங்க, மேனுவல்ல 10டபிள்யூ-30 போட்டிருக்கு. எதை ஊத்தறது? வீட்டிலேயே மாத்தலாமா?

பன்னிரண்டு ஸ்பேனர்: தாராளமா மாத்தலாம். அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு வந்து, சமதளத்துல சென்டர் ஸ்டாண்டு போடுங்க. முதல்ல ஆயில் ஊத்தற மேல் போல்ட்டைக் கழட்டுங்க. அது மரை இறுகி வரலைன்னா, ஆயில் வடிக்கிற கீழ் போல்ட்டைத் தொடவே தொடாதீங்க. ஆயிலை வடிச்சிட்டு ஊத்த வழியில்லாம நிக்கணும். டயர்ல ஆயில் படாம அட்டை வைங்க. வடிஞ்சதும் புது வாஷரோட கீழ் போல்ட்டைப் போட்டு, சிரிஞ்ச்ல சின்ன டியூப் மாட்டி மேல் ஓட்டை வழியா ஏத்துங்க. சுமார் 120 மில்லி பிடிக்கும். ஓட்டையோட கீழ் விளிம்பு வரை வந்து லேசா வழிஞ்சா நிறுத்திடுங்க. அளவு பாட்டில்ல இல்ல, அந்த ஓட்டையிலதான். கேசிங் அலுமினியம், நீள ஸ்பேனர் போட்டு முறுக்கினா மரை போயிடும்.

பழைய பெல்ட்: 80, 90ன்னு பார்த்து மிரள வேண்டாம். அது கெட்டித்தன்மை நம்பர், கியர் ஆயிலுக்கு அளவுகோலே வேற. 80டபிள்யூ-90 சூட்டுல கிட்டத்தட்ட 40, 50 கிரேடு இன்ஜின் ஆயில் கெட்டிதான். ஊத்தினா கெட்டுப்போகாது. ஆனாலும் மேனுவல் 10டபிள்யூ-30 சொல்லும்போது, இன்ஜினுக்கு வாங்கின டப்பாவுல மிச்சம் இருக்கிறதே போதுமே! கிளட்ச் வழுக்குமோன்னும் பயம் வேண்டாம், அது பெல்ட் பக்கம் காய்ஞ்ச இடத்துல இருக்கு.

வடிச்சதை வெள்ளைக் கிண்ணத்துல பிடிச்சுப் பாருங்க. விரல்ல தேய்ச்சா சாம்பல் பூசின மாதிரி நைசா இருந்தா சாதாரணத் தேய்மானம். நகம் மாதிரி துணுக்கு வந்தா கியரோ பேரிங்கோ போகுது. மோர் நிறம்னா மழைத்தண்ணி இறங்கியிருக்கு. புதுசு ஊத்தி கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி வடிங்க.

மணிமுத்தாறு: கூடுதலா ஊத்திட்டா?

பன்னிரண்டு ஸ்பேனர்: சூட்டுல பிரீதர் (காத்து வெளியேறுற ஓட்டை) வழியா கக்கும், சீல் பலவீனமா இருந்தா அதையும் தாண்டும். சக்கரப் பக்கம் கசிஞ்சா பிரேக் ஷூ நனையும், பெல்ட் பக்கம் கசிஞ்சா பெல்ட் வழுக்கும். அதைவிட அடிக்கடி நடக்கிற தப்பு ஒண்ணு: இன்ஜின் ஆயில்னு நினைச்சு கியரோட கீழ் போல்ட்டைக் கழட்டி வடிச்சிட்டு, புது ஆயிலை இன்ஜின்ல ஊத்திடறது. இன்ஜின்ல ரெண்டு மடங்கு, கியர் காலி. வடிஞ்சது ஒரு டீ கிளாஸ் அளவுதான்னா, அங்கேயே நிறுத்திடுங்க.