மோல்டுக்குள்ளே என்ன நடந்தது? பீஸைப் பார்த்துக் கண்டுபிடிச்சவங்க சொல்லுங்க

செகண்ட் ஷிஃப்ட்:
உருகின பிளாஸ்டிக்கைத் தள்ளி வார்க்கிற மோல்டு (அச்சு) மூடிட்டா உள்ளே நடக்கிறது யார் கண்ணுக்கும் தெரியாது. விழுற பீஸ்தான் சாட்சி. எனக்குக் கலர் மாத்துற நேரத்துல ஒரு நல்ல சாட்சி கிடைச்சுது. வெள்ளை பிபி (பாலிப்ரொப்பிலீன்) ஓடிட்டிருந்தப்ப கறுப்பு மாஸ்டர்பேட்ச் (நிறம் சேர்க்கிற மணிகள்) ஏத்தினோம். நடுவுல விழுற ரெண்டுங்கெட்டான் பீஸெல்லாம் நேரா ஸ்கிராப் தொட்டிக்குத்தான் போகும். அதுல ஒண்ணை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு பின்னாடி வந்தது, அப்போ கேட் (மெட்டீரியல் மோல்டுக்குள்ள நுழையுற வாசல்) பக்கம்தானே கறுத்திருக்கணும்? கேட்டைச் சுத்தி வெளுப்பா இருக்கு, கடைசியா நிறையுற ஓரம் கறுத்துக் கிடக்கு. ரம்பத்தால அறுத்தா ரெண்டு பக்கத் தோலும் வெளுப்பு, நடு மட்டும் கறுப்பு.

முதல்ல போன மெட்டீரியல் குளிர்ந்த ஸ்டீல்ல பட்டதும் தோலா உறைஞ்சுடுது. பின்னாடி வர்றது அந்தத் தோல்களுக்கு நடுவுல ஓடி, முன்முகத்தை (ஓட்டத்தோட முன்விளிம்பை) தொட்டதும் பாய் விரியற மாதிரி ரெண்டு சுவர்லயும் படியுது. ஃபவுண்டன் ஃப்ளோன்னு இதைத்தான் சொல்றாங்க. அதாவது மேல்தோல்ல நாம பார்க்கிறது சுவரை உரசிக்கிட்டே வந்த பிளாஸ்டிக் இல்ல, நடுவால வந்து படிஞ்சது. ஈரம் சரியா காயாத பிசி-யில (பாலிகார்பனேட்) வர்ற வெள்ளிக் கோடும் இதே கதைதான். முன்முகத்துல வெடிச்ச ஆவிக் குமிழி சுவர்ல இழுபட்டு நீளுது.

டூல்ரூம்:
ஒரு மூடி. சுவர் 2.5 மிமீ, கேட்டுக்குப் பக்கத்துலயே 0.8 மிமீ ரிப் (பலத்துக்கு வைக்கிற ஒல்லி விலா). தூரத்து மூலை எல்லாம் நிறையுது, பக்கத்துல இருக்கிற ரிப் பாதியில நிக்குது. ஷாப்ல ஹோல்டிங் பிரஷரை (நிறைஞ்ச பிறகு பிடிச்சு வைக்கிற அழுத்தத்தை) ஏத்து ஏத்துன்னு ஏத்தினாங்க, பார்ட்டிங் லைன்ல (மோல்டோட ரெண்டு பாதியும் சேர்ற கோட்டுல) ஃபிளாஷ் (பிதுங்கின மெல்லிய தகடு) வந்ததுதான் மிச்சம்.

ஹோல்டிங்கை எடுத்துட்டு, ஷாட்டை (ஒரு தடவை தள்ற அளவை) கொஞ்சம் கொஞ்சமா கூட்டி ஷார்ட் ஷாட் (முழுசா நிறையாத பீஸ்) போடச் சொன்னேன். எல்லாத்தையும் மேசையில வரிசையா அடுக்கிப் பார்த்தோம். முதல் பீஸ்லயே ரிப் வாய்ல மெட்டீரியல் எட்டிப் பார்த்திருக்கு. அதுக்கப்புறம் எந்த பீஸ்லயும் ஒரு இம்மி நகரல. தடிச்ச சுவர்ல தாராளமா வழி இருக்கும்போது ஒல்லிச் சந்துக்குள்ள ஏன் நுழையும்? வாசல்ல நின்னபடியே உறைஞ்சுடுது. மத்த இடமெல்லாம் நிறைஞ்சு பிரஷர் ஏறும்போது, அங்க தள்றதுக்கு உருகின மெட்டீரியலே இல்ல. கேட்டை எதிர்ப்பக்கம் மாத்தினோம். ரிப் கடைசியில, பிரஷர் ஏறுற நேரத்துல, முழுசா நிறைஞ்சுது.

இன்னொண்ணு. ஓரத்துல கருகல் வந்தா உடனே பேரல் (மெட்டீரியலை உருக்குற உருளை) டெம்பரேச்சரைக் குறைக்காதீங்க. நிறையுற கடைசி மூலையில மாட்டிக்கிட்ட காத்து அமுங்கிச் சூடேறி பிளாஸ்டிக்கைப் பொசுக்குது. வென்ட் (காத்து வெளியேறுற சந்து) அடைச்சிருக்கான்னு முதல்ல பாருங்க. பிபி-க்கு 0.02, 0.03 மிமீ ஆழம்தான் இருக்கும், கொஞ்சம் அழுக்கு போதும்.

லேப்:
ரெண்டு லாட் பிபி. ரெண்டுக்கும் எம்எஃப்ஐ (உருகல் ஓட்ட எண்) ஒண்ணு. ஒண்ணு நிறையுது, ஒண்ணு நிறையல. லேப் ரிப்போர்ட் பொய்ன்னு ஷாப்ல சண்டை. ரிப்போர்ட் சரிதான், கேள்விதான் வேற. 230 டிகிரியில 2.16 கிலோ எடையை மேல வெச்சு, 2.095 மிமீ ஓட்டை வழியா 10 நிமிஷத்துல எத்தனை கிராம் வழியுதுன்னு பார்க்கிறோம். அது மெதுவான ஓட்டம். கேட்டுக்குள்ள உருகல் அதைவிடப் பல மடங்கு வேகமா அறுபடுது (அடுக்கு மேல அடுக்கு வழுக்கி இழுபடுது). வேகம் ஏற ஏற மூலக்கூறு சங்கிலிகள் ஓட்டத்தோட திசையில நீண்டு வரிசையாகி, தடிப்பு (ஓட மறுக்கிற கெட்டித்தன்மை) குறையும். எவ்வளவு குறையும்ங்கிறது கிரேடுக்கு கிரேடு மாறும். மூலக்கூறு அளவு பரவலா இருக்கிற லாட் அதிகமா இளகும். அதனாலதான் சொல்றேன், நிறையலன்னா சூட்டைத் தொடுறதுக்கு முன்னாடி ஊசி வேகத்தை (மோல்டுக்குள்ள உருகலைத் தள்ற வேகத்தை) தொட்டுப் பாருங்க.

கருப்புக்கை:
ரப்பர்க்காரங்க சார்பா நான். உங்க உலகத்துக்கு நேர் எதிர் எங்களுது. நீங்க சூடான மெட்டீரியலைக் குளிர்ந்த மோல்டுல தள்றீங்க. எங்களுக்கு பேரல் 80 டிகிரி பக்கம், மோல்டு 170. உங்களுக்குச் சுவர்ல பட்டதும் உறையும், எங்களுக்கு முதல்ல இன்னும் இளகும், அப்புறம்தான் வேகும் (வல்கனைஸ் ஆகி இறுகும்). இளகியிருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள நிறைஞ்சாகணும். பிளாஸ்டிக் எட்டிப் பார்க்காத இடுக்குலகூட ஃபிளாஷ் வர்றதும் அந்த நேரத்துலதான்.

கம்ப்ரஷன்ல (ரப்பர் துண்டை மோல்டுல வெச்சு அழுத்துற முறையில) ஒரு டயஃபிரம் (வளையுற மெல்லிய ரப்பர் தட்டு). மேல வழவழன்னு இருக்கும். விரலால மடிச்சா முடி மாதிரி ஒரு கோடு, அந்தக் கோட்டுலயே கிழியும். காம்பவுண்ட் (ரப்பர் கலவை) மேல பழி. மூனி (ரப்பர் தடிப்புச் சோதனை) பார்த்தா எண் சரியா இருக்கு. ஆனா எம்எல் 1+4-ங்கிறது 100 டிகிரியில 1 நிமிஷம் சூடாக்கி 4 நிமிஷம் ரோட்டர் சுத்தி எடுக்கிற தடிப்பு. 170-ல எப்ப வேக ஆரம்பிக்கும்னு அது சொல்லாது. ரியோமீட்டர்ல (வேகுறதை அளக்கிற கருவியில) ஸ்கார்ச் நேரம் (வேக ஆரம்பிக்கிற வரைக்குமான நேரம்) குறுகியிருந்தது. பிளாங்கை (மோல்டுல வைக்கிற வேகாத ரப்பர் துண்டை) ரெண்டு துண்டா வைக்கிறாங்க, ரெண்டும் ஓடி வந்து சந்திக்கிறதுக்குள்ள முகம் வெந்துடுது. தொட்டுக்கிட்டு நிக்கும், ஒட்டாது. ஒரே பிளாங்கா, நடு மேடா வெட்டி வெச்சோம். காத்தை ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டே ஓடிச்சு, கோடு காணோம். பம்பிங்கையும் (காத்து போக பிரஸ்ஸைக் கொஞ்சம் திறந்து மூடுறதை) சீக்கிரமே முடிச்சுடணும். லேட்டா பிரஸ்ஸைத் திறந்து மூடினா வெந்ததைக் கிழிக்கிறோம்.

செகண்ட் ஷிஃப்ட்:
டூல்ரூம் அண்ணே, எட்டு கேவிட்டி (பீஸ் உருவாகுற குழி) மோல்டு ஒண்ணு. ரன்னர் (கேட் வரைக்கும் உருகலைக் கொண்டுபோற வாய்க்கால்) நீளம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான், கேட்டும் அளந்தாச்சு. ஆனா உள் நாலும் எப்பவும் முதல்ல நிறையுது.

டூல்ரூம்:
கேட்டைத் தோண்டாதே தம்பி. ரன்னர்ல சுவரை ஒட்டின அடுக்குதான் உராய்வுல அதிகம் சூடாகும். கிளை பிரியும்போது அந்தச் சூடான அடுக்கு உள்பக்கமே ஒட்டிக்கிட்டு உள் கேவிட்டிக்குப் போயிடும். ஊசி வேகத்தை மாத்தி ஷார்ட் ஷாட் எடு, வித்தியாசமும் கூடவே மாறினா காரணம் இதுதான். பிரியுற இடத்துல உருகலைத் திருப்பி விடுற மாதிரி ரன்னரை மாத்தணும்.

கருப்புக்கை:
எங்களுக்கு இது இன்னும் தொல்லை. சூடான பக்கம் முதல்ல நிறையறது மட்டுமில்ல, முதல்ல வேகவும் செய்யும். ஒரே ஷாட்ல உள் பீஸ் வெந்திருக்கும், வெளி பீஸ் அரைவேக்காடு.