லிஸ்ட்பாக்ஸில் முதல் வரியின் புள்ளி மறைகிறது, கடைசி வரி வெட்டுப்படுகிறது – உதவி தேவை

வைகைக்கரை:

வணக்கம். மாமாவின் அச்சகத்துக்கு ஆர்டர் பதியும் மென்பொருளை நான்தான் எழுதிப் பராமரிக்கிறேன். சி ஷார்ப் மொழி, வின்ஃபார்ம்ஸ் (விண்டோஸ் திரைகளை அமைக்கும் கருவித்தொகுப்பு), டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8. திரையின் இடப்பக்கம் ஒரு லிஸ்ட்பாக்ஸ், அதாவது பட்டியல் பெட்டி. ஒவ்வொரு ஆர்டரும் அதில் இரண்டு மூன்று வரியாக மடங்கித் தெரிய வேண்டும் என்பதால் டிராமோடை ஓனர்டிரா வேரியபிள் (வரிசைகளை நம் நிரலே வெவ்வேறு உயரத்தில் வரையும் முறை) என்று வைத்து, உயரத்தை அளக்கும் மெஷர்ஐட்டம், வரையும் டிராஐட்டம் இரண்டையும் நானே எழுதினேன். எழுத்துரு லதா, 12 புள்ளி.

என் வீட்டுக் கணினியில் எல்லாம் சரியாக இருக்கிறது. அச்சகத்தில் வாங்கிய புது விண்டோஸ் 10 கணினியில்தான் தொல்லை. மெய்யெழுத்தின் மேற்புள்ளி மறைந்துவிடுகிறது. போன வாரம் ‘கவின்’ என்ற மாப்பிள்ளை பெயர் ‘கவின’ என்று தெரிந்திருக்கிறது. டிடிபி செய்பவர் திரையில் கண்டதை அப்படியே அடித்துவிட்டார். மாமா புரூஃபில் பிடித்ததால் 500 அட்டை தப்பித்தது. ‘வீடு குடிபுகு விழா’ என்பதும் ‘விடு’ மாதிரிதான் தெரிகிறது, ஈகாரத்தின் சுழி மேலே வெட்டுப்பட்டுப் போவதால்.

இன்னும் மூன்று கோளாறுகள். சில ஆர்டர்களில் கடைசி வரி பாதியில் அறுந்து நிற்கிறது. தேர்ந்தெடுத்த வரிசைக்கு நீலப் பின்னணி சில நேரம் வருகிறது, பெரும்பாலும் வருவதில்லை. பட்டியல் காலியாக இருக்கும்போது டேப் அழுத்தி உள்ளே போனால் நிரலே நின்றுவிடுகிறது. முகூர்த்த மாதம் தொடங்கப் போகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

தறிநூல்:

கடைசி இரண்டும் சின்ன விஷயம், முதலில் அவற்றை முடித்துவிடுவோம்.

காலிப் பட்டியலுக்கு ஃபோகஸ் வந்தாலும் டிராஐட்டம் அழைக்கப்படும். அப்போது இண்டெக்ஸ் (வரிசை எண்) -1 என்று வரும். அதை வைத்து ஐட்டம்ஸுக்குள் தேடினால் பிழைதான். இண்டெக்ஸ் சுழியத்துக்குக் கீழே இருந்தால் பின்னணியை மட்டும் வரைந்துவிட்டு உடனே திரும்பிவிடுங்கள்.

நீல நிறத்துக்கு, வரிசையின் நிலையைச் சொல்லும் ஸ்டேட் என்பதை ‘செலக்டெட்’டுக்குச் சமமா என்று நேராக ஒப்பிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது பல கொடிகள் (ஆம்/இல்லை குறிகள்) சேர்ந்த எண். தேர்வாகியிருக்கும் வரிசைக்கு ஃபோகஸும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே வரும், கூடவே வேறு கொடிகளும் ஒட்டிக்கொண்டு வரலாம். அதனால் சமக்குறி பெரும்பாலும் பொய்யாகிவிடும். பிட் ஆண்ட் போட்டு, செலக்டெட் கொடி உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வெட்டுப்படுவதைப் பற்றிக் கொஞ்சம் கேட்க வேண்டும். உயரத்தை எதை வைத்து அளக்கிறீர்கள்? எதை வைத்து வரைகிறீர்கள்? ஸ்குரோல்பார் வந்த பிறகு மட்டும் வெட்டுகிறதா? புள்ளி எல்லா வரியிலும் மறைகிறதா?

வைகைக்கரை:

இரண்டும் சரியாகிவிட்டது, நன்றி அண்ணா. ஸ்டேட்டை நீங்கள் சொன்னபடியேதான் ஒப்பிட்டிருந்தேன்.

அளப்பது கிராஃபிக்ஸின் மெஷர்ஸ்டிரிங்கில், அகலம் லிஸ்ட்பாக்ஸின் வித். வரைவது டெக்ஸ்ட்ரெண்டரரின் டிராடெக்ஸ்டில், வரியை மடக்கும் வேர்ட்பிரேக் கொடியோடு. ஐந்தாறு ஆர்டர் போட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஸ்குரோல்பார் வந்ததும்தான் கடைசி வரி அறுபடுகிறது. புள்ளியைப் பற்றி நீங்கள் கேட்ட பிறகுதான் உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு ஆர்டரிலும் முதல் வரியில்தான் புள்ளி போகிறது. இரண்டாம் வரியிலிருந்து முழுசாக இருக்கிறது.

பொருநை:

முதல் வரியில் மட்டும் என்றால், அந்தக் கணினியில் லதாவே இல்லை என்று அடித்துச் சொல்வேன். எங்கள் அலுவலகத்தில் இதே கோளாறைத் தேடி இரண்டு நாள் போயிருக்கிறது.

விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் எல்லாக் கணினியிலும் வருவதில்லை, கூடுதல் எழுத்துருத் தொகுப்புக்குப் போய்விட்டன. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்திருந்தால் தானாக இறங்கும். உங்கள் வீட்டுக் கணினியில் சேர்த்திருப்பீர்கள், அச்சகத்தில் சேர்த்திருக்க மாட்டார்கள். கேட்ட எழுத்துரு இல்லையென்றால் டாட்நெட் எந்தப் பிழையும் காட்டாது. சத்தமில்லாமல் மைக்ரோசாஃப்ட் சான்ஸ் செரிஃபைக் கொடுத்துவிடும். அதில் தமிழ் எழுத்தே கிடையாது. ஆனாலும் திரையில் தமிழ் தெரியும், ஏனென்றால் விண்டோஸ் அந்த எழுத்துகளை மட்டும் நிர்மலா என்ற எழுத்துருவிலிருந்து கடன் வாங்கி வரைகிறது. தமிழ் தெரிவதைப் பார்த்து எழுத்துரு சரி என்று நாம் நம்பிவிடுகிறோம்.

எழுத்து ஒன்றினுடையது, வரி உயரம் இன்னொன்றினுடையது. தமிழுக்கு மேலே புள்ளிக்கும் சுழிக்கும் இடம் வேண்டும். அந்த இடம் சான்ஸ் செரிஃபின் கணக்கில் இல்லை. டிராடெக்ஸ்ட் தனக்குக் கொடுத்த செவ்வகத்துக்கு வெளியே வரையாது, அதனால் மேல் விளிம்பை ஒட்டிய முதல் வரியின் புள்ளி போகிறது. அடுத்த வரியின் புள்ளி அதற்கு மேல்வரியின் இடத்துக்குள் ஏறிக்கொள்வதால் தப்பிக்கிறது.

எழுத்துருவை உருவாக்கியதும் அதன் நேம் பண்பைப் படித்துப் பாருங்கள், வேறு பெயர் வரும். நிர்மலா யுஐ என்று மாற்றுங்கள். விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது. செவ்வகத்தின் மேலும் கீழும் மூன்று மூன்று பிக்சல் விட்டு வரையுங்கள், அந்த ஆறையும் மெஷர்ஐட்டத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

தறிநூல்:

பொருநை சொன்னதுதான் சரி, புள்ளிக்குக் காரணம் எனக்குத் தோன்றவே இல்லை. கடைசி வரிக்கு நான் சொல்கிறேன்.

நீங்கள் ஒரு கோலால் அளந்து இன்னொரு கோலால் வெட்டுகிறீர்கள். மெஷர்ஸ்டிரிங் ஜிடிஐ பிளஸ், டிராடெக்ஸ்ட் பழைய ஜிடிஐ, இரண்டும் விண்டோஸின் வேறு வேறு வரைகலை நூலகங்கள். ஒரே சொல்லுக்கு இரண்டும் வேறு வேறு அகலம் சொல்லும். ஒன்றில் இரண்டு வரியில் அடங்குவது மற்றதில் மூன்றாகும். டெக்ஸ்ட்ரெண்டரரின் மெஷர்டெக்ஸ்டுக்கு மாறுங்கள். கிராஃபிக்ஸ், எழுத்துரு, கொடிகள், அகலம் எல்லாம் இரண்டு இடத்திலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். கொடிகளை ஒரு மாறிலியில் வைத்துவிடுவது நல்லது.

அகலத்துக்கு வித் வேண்டாம், அதில் ஓரக்கோடும் சேர்ந்திருக்கிறது. கிளையன்ட்சைஸின் அகலத்தை எடுங்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஓர் ஐட்டம் சேரும்போது மெஷர்ஐட்டம் ஒருமுறை கேட்கும், பிறகு அதுவாகத் திரும்பக் கேட்காது. முதல் சில ஆர்டர்களை அளக்கும்போது ஸ்குரோல்பார் இல்லை. அது வந்ததும் சாதாரணத் திரையில் 17 பிக்சல் அகலம் போய்விடுகிறது, உயரமோ பழைய கணக்கிலேயே நிற்கிறது. ஐந்தாறு ஆர்டரில் தெரியாமல் போனது இதனால்தான். ஸ்குரோல்ஆல்வேஸ்விசிபிளை ட்ரூ ஆக்குங்கள், அகலம் முதலிலிருந்தே மாறாது.

நோபிரிஃபிக்ஸ் கொடியையும் சேருங்கள். இல்லாவிட்டால் ‘முருகன் & சன்ஸ்’ என்ற பெயரில் & குறி காணாமல் போகும். அச்சகத்துக்கு அது ஆகாது.

நெய்தல்:

வேர்ட்பிரேக் இடைவெளியில்தான் மடக்கும். ‘பூப்புனிதநீராட்டுவிழா’ என்று சேர்த்து அடித்தால் ஒடுங்கிய பட்டியலில் அது வலப்பக்கம் வெளியே போய்விடும். பதியும் இடத்திலேயே பிரித்து அடிக்கச் சொல்லுங்கள். ஒரு வரிசையின் உயரம் 255 பிக்சலைத் தாண்டவும் முடியாது. 12 புள்ளியில் பத்துப் பன்னிரண்டு வரிதான் கொள்ளும்.

புதிதாக எழுதுவதாக இருந்தால் வின்ஃபார்ம்ஸுக்குப் பதில் டபிள்யூபிஎஃப் என்ற கருவித்தொகுப்பைத்தான் நான் சொல்வேன். ஐட்டம்டெம்ப்ளேட்டில் டெக்ஸ்ட்ராப்பிங்கை வைத்து, கிடைமட்ட ஸ்குரோலை டிசேபிள் செய்தால் இந்த அளவைத் தொல்லையே இல்லை. லிஸ்ட்வியூ பக்கம் மட்டும் போகாதீர்கள். அதில் வரிசை உயரத்துக்குப் பண்பே கிடையாது. ஸ்மால்இமேஜ்லிஸ்டில் உயரமான வெற்றுப் படம் வைத்து ஏமாற்றலாம், ஆனால் எல்லா வரிசையும் ஒரே உயரத்தில்தான் நிற்கும்.

வைகைக்கரை:

பொருநை சொன்னது நூற்றுக்கு நூறு. நேம் பண்பைப் படித்தால் ‘மைக்ரோசாஃப்ட் சான்ஸ் செரிஃப்’ என்று வந்தது. நிர்மலாவுக்கு மாற்றினேன், அளவையையும் டெக்ஸ்ட்ரெண்டரருக்கு மாற்றினேன், ஸ்குரோல்பாரை நிரந்தரமாக்கினேன். அச்சகத்துக்கே போய் 40 ஆர்டரை ஏற்றிப் பார்த்துவிட்டேன். புள்ளியும் சுழியும் முழுசாக நிற்கின்றன. மாமா ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்.

டபிள்யூபிஎஃப் யோசனை நல்லதுதான், ஆனால் ஆறு வருடமாக ஓடும் மென்பொருள், இந்த முகூர்த்தத்துக்குள் தொட முடியாது. ஒன்றே ஒன்று மிச்சம். சாளரத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்குவது குறைகிறது, வரிசை உயரம் மட்டும் அப்படியே இருப்பதால் கீழே வெற்றிடம் விழுகிறது. சிறிதாக்கினால் மறுபடி வெட்டுகிறது.

தறிநூல்:

லிஸ்ட்பாக்ஸை மரபுரிமையாக்கி ஒரு கிளாஸ் எழுதுங்கள். ரெஃப்ரெஷ்ஐட்டம்ஸ் என்ற புரொடெக்டட் மெத்தட் இருக்கிறது. பட்டியலைக் காலி செய்து திரும்ப ஏற்றுவதால் எல்லா உயரமும் மறுபடி அளக்கப்படும், தேர்வும் அப்படியே இருக்கும். டாப்இண்டெக்ஸை (மேலே முதலில் தெரியும் வரிசையின் எண்) மட்டும் முன்பே எடுத்து வைத்துக்கொண்டு பிறகு திரும்ப வையுங்கள், இல்லாவிட்டால் பட்டியல் உச்சிக்குப் போய்விடும்.

இதை ஒவ்வொரு ரீசைஸுக்கும் அழைத்தால் திரை நடுங்கும். சாளரத்தை இழுத்து முடித்ததும் வரும், ஃபார்மின் ரீசைஸ்எண்டில் அழையுங்கள். மேக்சிமைஸ் பொத்தானுக்கு ரீசைஸ்எண்ட் வராது. விண்டோஸ்டேட் மாறியதா என்று சைஸ்சேஞ்ச்டில் பார்த்து அங்கேயும் ஒருமுறை அழைத்துவிடுங்கள்.

வைகைக்கரை:

மேக்சிமைஸ் சமாசாரம் நானாகப் பிடித்திருக்கவே மாட்டேன். இரண்டு இடத்திலும் போட்டுவிட்டேன், சரியாக வேலை செய்கிறது. மூவருக்கும் நன்றி. நாளைக் காலை மாமா கணினியில் ஏற்றிவிடுகிறேன்.