கல்லறைத் திருநாளுக்கு முன் ஒரு யோசனை வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழு) ஒரு அக்கா இருக்கிறார். 2017 நவம்பரில் ஒக்கி புயலில் கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. நவம்பர் 2 அன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, இவர் கதவைச் சாத்திக்கொள்கிறார். போய் நிற்க ஒரு குழி இல்லையே.

போன வருடம் சிலர் போய், "எல்லாம் கடவுள் சித்தம்" என்று ஆறுதல் சொன்னார்கள். அவருக்குக் கோபம்தான் வந்தது. வராதா பின்னே? இறந்துபோன நண்பர் இலாசரை உயிரோடு எழுப்பப் போகிறவர் இயேசு. அவரே முதலில் அழத்தானே செய்தார்? பைபிளில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரை நல்லவர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் வம்பு.

குமரி மாவட்டக் கடலோரத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்: உடல் கிடைக்காதவர்களுக்காக உங்கள் பங்கு ஆலயத்தில் அன்றைக்கு என்ன செய்கிறீர்கள்? கடற்கரையில் செபம் வைப்பதுண்டா? திருப்பலியில் பெயர் சொல்லி மன்றாடினால் போதுமா, அதுவே வேதனையைக் கிளறிவிடுமா? அப்புறம், அக்காவின் பையன் பத்தாவது படிக்கிறான். அவனிடம் அப்பாவைப் பற்றி நாமாகப் பேச்செடுக்கலாமா?

அக்காவைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டோம். இதே இழப்பைச் சந்தித்தவர்கள் யாராவது எழுதினால் பெரிய உதவி. பொதுவில் சொல்லத் தயக்கமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள்.